யாரும் கை கழுவாத வாஷ்பேசின்

மாமியார் வாயைத் திறக்காமல் இருந்தால் மருமகன் சந்தோஷப்பட வேண்டும் என்று உலகம் எதிர்பார்க்கிறது. என் நண்பர்களும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். "உனக்கென்னப்பா, குடுத்து வெச்சவன்" என்று முதுகில் தட்டினார்கள். தட்டிய கையை முறுக்கி ஒடிக்கலாமா என்று எனக்கு வந்தது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அத்தைக்கு நடுக்குவாதம், பார்க்கின்சன் என்கிறார்களே அது. அதற்கு ஒரு மாத்திரை இருக்கிறது. வேளை தப்பாமல் கொடுத்தால் அரை மணி நேரத்தில் கை கால் அசையும், வாய் திறக்கும், ஆள் எழுந்து உட்கார்ந்துவிடுவார். வேளை தப்பினால் உடம்பு மரக்கட்டையாக இறுகிவிடும். கண் மட்டும் உருளும். எச்சில்கூட விழுங்க முடியாது. புரையேறினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். "எதை வேணா மறங்க, நேரத்தை மறக்காதீங்க" என்று என்னிடமும் மனைவியிடமும் தனித்தனியாகச் சொன்னார். ஒருத்தரை நம்பிச் சொல்லக்கூடாது என்பது அவர் அனுபவம்.

அத்தை ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். டிக்கெட் எடுத்தவனே அவரைப் பார்த்தால் பையைத் துழாவுவானாம். மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்ததும் அவர் வாயிலிருந்து வருகிற முதல் வாக்கியம் என்னைப் பற்றியதாகத்தான் இருக்கும். "என்ன மாப்பிள்ளை, இந்தச் சட்டைய இஸ்திரி போட்டீங்களா, இல்ல அது மேலயே படுத்துத் தூங்கினீங்களா?" என்பார். எனக்கு உயிர் வரும். சரி, அத்தை இன்றைக்கு நன்றாக இருக்கிறார்.

மனைவிக்கு வெளியூரில் வேலை. வார இறுதியில்தான் வருவாள். நான் செருப்புக் கடையில் விற்பனையாளன். வீட்டில் பகலில் ஆளில்லை என்பதால் அத்தையை முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்திருந்தோம். கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. மத்தியானம் சாப்பாட்டு இடைவேளையில் ஓடிப்போய் மாத்திரை கொடுக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வருவேன். கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள், அந்த வயிற்றுப்போக்கு வரும் வரைக்கும்.

ஒரு வாரத்தில் பாதி இல்லம் படுத்துவிட்டது. டாக்டர் வந்தார். மருந்து கொடுக்கிற சிஸ்டர், ஒரு நோயாளியின் வாயைத் துடைத்த கையாலேயே அடுத்தவருக்கு மாத்திரையை உரித்துக் கொடுப்பதைப் பார்த்தார். "ஒவ்வொருத்தருக்கும் நடுவுல சோப்பு போட்டுக் கை கழுவுங்க. மாத்திரைய விரலால தொடாம சின்னக் கப்புல போட்டுக் குடுங்க. அவ்வளவுதான்" என்றார்.

நிர்வாகத்துக்கு அந்த "அவ்வளவுதான்" பிடிக்கவில்லை. அவ்வளவுதான் என்றால் அதற்கு எப்படிக் குழு அமைப்பது? தலைவர் யார், துணைத் தலைவர் யார், பதவியேற்பு விழாவுக்கு யாரைக் கூப்பிடுவது? ஆகவே டாக்டரின் யோசனையை ஆழமாகப் பரிசீலித்து, அதில் சோப்பையும் தண்ணீரையும் மட்டும் நீக்கிவிட்டு, மீதியை ஏற்றுக்கொண்டார்கள். தொற்றுத் தடுப்பு உயர்நிலைக் குழு பிறந்தது. தலைவராக வந்தவர் அதுவரை இல்லத்தின் ஜன்னல் திரைகளுக்குப் பொறுப்பாளராக இருந்தவர். துணியில் அழுக்குத் தெரியாத நிறத்தைத் தேர்ந்தெடுப்பதில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியிருந்தார். அந்தத் திறமையை நம்பித்தான் கிருமியை அவரிடம் ஒப்படைத்தார்கள்.

அத்தை அவருக்கு முதல் நாளே "சோப்பு டப்பா" என்று பெயர் வைத்துவிட்டார். "மேல பளபளன்னு இருக்கு. திறந்து பாருங்க மாப்பிள்ளை, உள்ள ஒண்ணும் இருக்காது."

சோப்பு டப்பாவின் முதல் சாதனை வாஷ்பேசின். மருந்தறைக்கு வெளியே, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி, வெள்ளை வெளேரென்று ஒன்றைப் பொருத்தினார்கள். குழாய் தங்க நிறம். பக்கத்தில் புது சோப்பு, உறைகூடப் பிரிக்காமல். ரிப்பன் வெட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். விழா முடிந்ததும் வாஷ்பேசினைக் கண்ணாடிக் காகிதத்தால் சுற்றி, ஒட்டு நாடா போட்டு, "தொடாதீர்கள்" என்று எழுதி வைத்தார்கள்.

மருந்து சிஸ்டர் அப்பாவியாகக் கேட்டார். "சார், அப்ப நாங்க எங்க கை கழுவறது?"

சோப்பு டப்பாவுக்கு மனசு புண்பட்டுவிட்டது. "என்னம்மா பேசறீங்க? ஆய்வுக்கு வர்றவங்க முதல்ல எதைப் பாப்பாங்க? வாஷ்பேசினத்தான். இது நம்ம இல்லத்தோட மானம்மா. மானத்துல போய் யாராவது கை கழுவுவாங்களா? ஆளாளுக்கு அழுக்குக் கையக் கொண்டாந்து அதுல கழுவினா அது எப்படிச் சுத்தமா இருக்கும்?"

கூட்டத்தில் கைதட்டல். நானும் தட்டினேன். சிலநேரம் கை தன்னால் தட்டிவிடுகிறது, என்ன செய்வது.

கை கழுவுவதற்குப் பதிலாக கிளவுஸ் வந்தது. மறுநாள் மத்தியானம் மருந்து வண்டி வந்த கோலத்தைப் பார்க்க வேண்டுமே! முன்னால் ஒருவர் மணி அடித்துக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் காற்றில் கிருமி கொல்லும் மருந்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்தார். காற்றிலிருந்து அது நோயாளிகளின் தட்டில் விழுந்தது. கடைசியில் சிஸ்டர், தலையில் உறை, முகத்தில் உறை, காலில் உறை, கையில் நீல கிளவுஸ். யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று பக்கத்துக் கட்டில்காரர் எழுந்திருக்கப் பார்த்தார்.

சிஸ்டர் குப்பைத் தொட்டியின் மூடியைத் திறந்து எதையோ போட்டார். சக்கர நாற்காலியின் சக்கரத்தைப் பிடித்து நகர்த்தினார். பக்கத்துக் கட்டில்காரரின் வாயோரம் வழிந்ததை வழித்துவிட்டார். மூக்கு அரித்தது போலிருக்கிறது, முகவுறைக்குள் விரல் விட்டுச் சொறிந்துகொண்டார். பிறகு அதே விரலால் அத்தையின் மாத்திரையை உரித்து, அத்தையின் வாய்க்கு நேராக நீட்டினார்.

"சிஸ்டர், சிஸ்டர்! அந்தக் கையாலயா?"

"எந்தக் கையால சார்? கிளவுஸ் போட்டிருக்கேன், தெரியலையா?"

"கிளவுஸ் உங்க கையத்தானே காப்பாத்துது? எங்க அத்தை வாய யாரு காப்பாத்தறது? மாத்திட்டு வாங்களேன்."

சிஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு ஷிப்டுக்கு ஒரு ஜோடிதான் சார். சாயங்காலம் திருப்பிக் குடுக்கணும். துவைச்சுக் காயப்போட்டு நாளைக்கு வேற யாருக்காவது தருவாங்க. கழட்டிட்டுக் கை கழுவலாம்னு பாத்தா, கிளவுஸ் இல்லாத கை கேமராவுல தெரிஞ்சா மெமோ. எனக்கும் ரெண்டு பிள்ளைங்க சார்."

அத்தை அதுவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, நான் மாத்திரைக்கு மட்டும்தானே டிக்கெட் எடுத்தேன், உன் மூக்கு ஏன் டிக்கெட் இல்லாம கூடவே வருது?" என்றார். சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு மாத்திரை எடுத்து, நேராக அத்தையின் தட்டிலேயே உரித்துப் போட்டார். அத்தை தானே எடுத்து விழுங்கிக்கொண்டார்.

இரண்டாவது முறை வயிற்றுப்போக்கு வந்தபோது படுத்தவர்கள் முதல் முறையைவிட அதிகம். குழு அவசரமாகக் கூடியது. உறவினர்களையும் அழைத்திருந்தார்கள். சோப்பு டப்பா கனத்த மனதோடு மைக்கைப் பிடித்தார்.

"நம்ம விதிமுறையில ஒரு குறையும் கிடையாது. நானே உக்காந்து எழுதினது. கிளவுஸ் இருக்கு, மணி இருக்கு, வாஷ்பேசின் இருக்கு. எல்லாரும் ஒழுங்கா நடந்துக்கறாங்க. கிருமிதான் நடந்துக்க மாட்டேங்குது. ஒத்துழைப்பு ஒரு பக்கமே இருந்தா எப்படிங்க?"

பதில் சொல்லவேண்டிய கிருமி கூட்டத்துக்கு வந்திருந்தது, ஆனால் எழுந்து பேசவில்லை.

அன்றைக்குத்தான் அந்தப் பாழாய்ப்போன விதியை அறிவித்தார்கள். மாத்திரைகள் வெளியிலிருந்து வருகின்றன. வழியில் யார் யாரைத் தொட்டனவோ, எங்கெங்கே தங்கினவோ, யாருக்குத் தெரியும்? ஆகவே இனிமேல் ஒவ்வொரு வேளை மாத்திரையையும் உரித்து, மருந்துத் தண்ணீரில் துடைத்து, தனி அறையில் காய வைத்து, குழு உறுப்பினர் ஒருவர் வந்து பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகுதான் வண்டியில் ஏற்ற வேண்டும். மாத்திரைகளின் அறைக்கு ஏசி போட்டார்கள். மனிதர்கள் படுத்திருந்த அறையில் மின்விசிறி போன மாதமே நின்றுவிட்டிருந்தது. துடைக்கும்போது கரைந்துபோன மாத்திரைகளைக் கிருமி உள்ளவை என்று ஒதுக்கினார்கள். கரையாத மாத்திரைகள் ஒப்புதலுக்குக் காத்திருந்தன. உறுப்பினர் சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு வருவார்.

மறுநாள் நான் போனபோது அத்தை இறுகிப்போயிருந்தார். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கழுத்து வரை எச்சில் வழிந்திருந்தது. கண் மட்டும் என்னைப் பார்த்தது, அப்புறம் கதவைப் பார்த்தது, திரும்ப என்னைப் பார்த்தது. "அத்தை, இதோ வந்துடும், இதோ வந்துடும்" என்று சொல்லிக்கொண்டே தலையை நிமிர்த்திப் பிடித்தேன். தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தது. இப்படியே மூச்சு நின்றுவிட்டால் மனைவியிடம் என்ன சொல்வேன்? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதுவிட்டேன். மாத்திரை வந்தபோது என் கடை இடைவேளை முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

அன்று மனைவி போன் பண்ணினாள். "ஏங்க, அம்மா எப்படி இருக்காங்க? என்ன சொன்னாங்க உங்கள?"

"ஒண்ணும் சொல்லல. அமைதியா இருந்தாங்க."

"எங்கம்மாவா? அமைதியாவா?" என்று கேட்டுவிட்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

சோப்பு டப்பாவைப் பார்க்கப் போனேன். அவர் அறை வாசலில் என் மேல் மருந்துத் தண்ணீர் தெளித்து, உட்காரச் சொல்லி, "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார்.

"செருப்புக் கடையில சார்."

நாற்காலியோடு பின்னால் போனார். "ஊர்ல உள்ளவங்க காலையெல்லாம் தொடற கையா அது?"

"கழுவிட்டுத்தான் சார் வந்தேன். கடையில வாஷ்பேசின் இருக்கு."

"இருக்கா? அதை யூஸ் வேற பண்றீங்களா?" என்றார். அவருடைய முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே குற்ற உணர்ச்சி வந்துவிட்டது.

"சார், எங்க அத்தைக்கு மாத்திரை லேட்டாவுது. லேட்டானா உடம்பு இறுகிடுது. புரையேறிச் செத்துடுவாங்க சார்."

"பாருங்க, உணர்ச்சிவசப்படாதீங்க. கிருமி வந்து இறந்தா அது நம்ம குழுவோட தோல்வி. மாத்திரை லேட்டாகி இறந்தா அது வேற டிபார்ட்மென்ட்." கொஞ்சம் யோசித்துவிட்டு எழுந்தார். "இருங்க, உங்க அத்தைய நானே வந்து பாக்கறேன்."

வந்து பார்த்தார். அத்தை அன்றும் இறுகித்தான் கிடந்தார். சோப்பு டப்பா கட்டிலைச் சுற்றி ஒரு முறை நடந்தார். அவர் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது.

"அடடா! எதையும் தொடல. யாரையும் தொடல. இருமல, தும்மல, பேசல. புகார் கிடையாது. இந்த மாதிரி ஒரு நோயாளியத்தான் நான் விதிமுறை எழுதும்போது மனசுல நெனச்சேன். அடுத்த வாரம் ஆய்வு வருது, சுத்தமான இல்லத்துக்குப் பரிசு குடுக்கறாங்க. முன்மாதிரி நோயாளின்னு அம்மாவுக்குப் பதக்கம் போட்டுடலாம். சந்தோஷம்தானே?"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். நான் கேட்டது மாத்திரை, கிடைத்தது பதக்கம்.

ஆய்வு நாளன்று கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் காலையிலேயே போய்விட்டேன். கூடத்தில் மேடை போட்டிருந்தார்கள். அத்தையைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துப் புதுப் போர்வை போர்த்தியிருந்தார்கள். மாத்திரை ஏசி அறையில் ஒப்புதலுக்குக் காத்திருந்தது. குழு உறுப்பினர்கள் எல்லோரும் ஆய்வாளர் அம்மாவை வரவேற்க வாசலில் வரிசையாக நின்றிருந்தார்கள், ஒப்புதல் கொடுக்க ஆளில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. அத்தையின் விரல்கள் மடங்க ஆரம்பித்திருந்தன. இன்னும் கொஞ்ச நேரத்தில் விழுங்க முடியாமல் போய்விடும்.

மருந்து சிஸ்டரின் காலைப் பிடிக்காத குறை. அவர் என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். "நான் குடுத்தா எனக்கு வேல போயிடும். நீங்க குடுத்தா உங்கள என்ன பண்ணிட முடியும்?" என்றார். துடைக்க அனுப்பாத ஒரு மாத்திரை அட்டையையும் ஒரு சின்னக் கப்பையும் மேஜையில் வைத்துவிட்டு, சுவரில் இல்லாத ஏதோ ஒன்றைப் படிக்கத் திரும்பி நின்றுகொண்டார்.

நான் எடுக்கப் போனேன். என் கையைப் பார்த்தேன். பேருந்துக் கம்பி, வாசல் கதவு, சக்கர நாற்காலி எல்லாவற்றையும் பிடித்த கை. பார்வையாளர் கழிப்பறையில் சோப்பு கிடையாது. மொத்த இல்லத்திலும் சோப்பு இருந்தது ஒரே இடத்தில்தான்.

ஒட்டு நாடாவைப் பிய்த்தேன். தங்கக் குழாயைத் திறந்தேன். கொஞ்ச நேரம் வெறும் காற்று வந்தது, அப்புறம் பழுப்பாகத் தண்ணீர், அப்புறம் தெளிந்தது. சோப்பின் உறையைப் பிரித்து, விரலிடுக்கெல்லாம் தேய்த்து, நிதானமாகக் கழுவினேன். எதிரில் போன ஒரு ஊழியர் பேயைக் கண்டவர் போல் நின்றுவிட்டார். மாத்திரையை விரல் படாமல் கப்பில் உரித்துப்போட்டேன். அத்தையின் உதட்டில் கப்பைச் சாய்த்து, ஒவ்வொரு மடக்காகத் தண்ணீர் கொடுத்தேன். விழுங்கிவிட்டார். அப்பாடா!

விழா தொடங்கியது. ஆய்வாளர் அம்மா முதலில் வாஷ்பேசினைத்தான் பார்த்தார். விரலால் தடவினார். நெற்றி சுருங்கியது.

"இதுல ஈரம் இருக்கே?"

சோப்பு டப்பா வெலவெலத்துப் போனார். "யாரோ யூஸ் பண்ணியிருக்காங்க மேடம். மன்னிச்சுக்கோங்க. இனி நடக்காது."

"ஈரம்னா கிருமி" என்று சொல்லி ஆய்வாளர் அம்மா மதிப்பெண்ணைக் குறைத்தார்.

மானம் போன வேகத்தில் சோப்பு டப்பா மேடையேறினார். மேடையிலாவது அதை மீட்டுவிட வேண்டும். கிளவுஸ் போட்ட கையால் வரவேற்புப் பூக்களை ஒதுக்கினார், எல்லோருக்கும் கை கொடுத்தார், நாற்காலியை இழுத்துப்போட்டார், வியர்வையை வழித்தார், மூக்கைச் சிந்தினார். பிறகு மைக்கைப் பிடித்துக்கொண்டு சுமார் அரை மணி நேரம் பேசினார். பேச்சின் உச்சத்தில் அத்தையைக் காட்டினார்.

"இவங்கதான் எங்க முன்மாதிரி. இவங்க வந்ததுலருந்து ஒரு குறை சொன்னதில்ல. ஏன்னா குறை இல்ல! பாதுகாப்பா மருந்து குடுக்கறது எப்படின்னு இப்ப நானே என் கையால செஞ்சு காட்டறேன்."

ஒரு சத்து மாத்திரையை இரண்டு விரலால் எடுத்து அத்தையின் வாய்க்கு நேரே நீட்டினார். அத்தையின் உதடு அசைந்தது.

"பாருங்க, பாருங்க! நன்றி சொல்ல வர்றாங்க!" என்று பூரித்துப்போய் மைக்கை அத்தையின் வாய்க்கருகில் பிடித்தார்.

"மூக்கு சிந்தின கையோட வாய்கிட்ட வர்றியே, நீ மனுசனா?" என்றது ஒலிபெருக்கி. கூடம் முழுக்க, தெரு வரைக்கும் கேட்டது. "போ. போய்க் கையைக் கழுவிட்டு வா. வாஷ்பேசின சுத்தி வெச்சிருக்கியே, அது என்ன உங்க வீட்டுச் சீர்வரிசையா? ஆளு பொழைக்குதா சாகுதான்னு பாக்காம ஏசி ரூம்ல மாத்திரைய தூங்க வெக்கிறியே, அந்த மாத்திரைக்கா பார்க்கின்சன்? எனக்கா?"

கட்டில்களிலிருந்து கைதட்டல் வந்தது. சிஸ்டர் முகவுறைக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை, வெட்கமாகவும் இல்லை.

சாயங்காலம் என்னை அழைத்தார்கள். குழு முழுதாக உட்கார்ந்திருந்தது.

"நோயாளிக்கு மாத்திரை குடுத்தது நீங்கதானே?"

"ஆமா சார்."

"வேளைக்கே குடுத்திருக்கீங்க."

"ஆமா சார்."

"அதான் குற்றம். குழுவோட ஒப்புதல் இல்லாம ஒரு நோயாளியப் பேச வெச்சிருக்கீங்க. பேசினா எச்சில் தெறிக்கும். எச்சில்ல கிருமி இருக்கும். இனிமே அந்த மாத்திரைய நிறுத்திடலாமான்னு பரிசீலிக்கப்போறோம். இல்லேன்னா நீங்க அவங்கள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்."

அந்த இரவே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். சொல்வதற்குச் சுலபமாக இருக்கிறது. மனைவி பதவியில் ஒரு படி இறங்கி மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தாள். நான் மத்தியானம் கடையிலிருந்து மூச்சிரைக்க ஓடி வருகிறேன். வீட்டில் தங்கக் குழாய் இல்லை, சமையலறைக் குழாய்தான். அதில் கை கழுவும்போது அத்தை பின்னாலிருந்து, "நகத்துக்குள்ள யாரு தேய்ப்பா, உங்க முதலாளியா?" என்பார். திரும்பவும் தேய்ப்பேன்.

இல்லத்துக்கு அந்த வருடம் இரண்டாம் பரிசுதான் கிடைத்ததாம். வாஷ்பேசின் ஈரத்தால் முதல் பரிசு போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். போன வாரம் மத்தியானம் சோப்பு டப்பாவே போன் பண்ணினார். குரலில் அவ்வளவு தேன்.

"நடந்தத மறந்துடுங்க. அடுத்த ஆய்வு வருது. அம்மா மாதிரி ஒரு நோயாளி எங்களுக்கு இன்னும் அமையல. ஒரே ஒரு நாள் கூட்டிட்டு வர முடியுமா? நாற்காலி, போர்வை எல்லாம் நாங்க பாத்துக்கறோம். நீங்க ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க போதும். அன்னைக்குக் காலைல மாத்திரைய மட்டும் குடுத்துடாதீங்க."

கடிகாரத்தைப் பார்த்தேன். மாத்திரை உள்ளே போய் நன்றாக வேலை செய்துகொண்டிருந்த நேரம். "ஒரு நிமிஷம் இருங்க சார், சம்பந்தப்பட்டவங்ககிட்டயே குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, போனை ஒரு துணியால் நன்றாகத் துடைத்து அத்தையின் கையில் கொடுத்தேன்.